பெட்டி பெருத்த காதை: இரண்டு ஜிபி எல்லை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுபவர் எட்டு முதல் பதினொரு செய்திகள் வரை சொல்லியாக வேண்டும் என்பது நன்னூல் மரபு. இடமின்மை கருதி நான்கை மட்டும் தருகிறேன். நுதலிய பொருள்: மின்னஞ்சல் பெட்டி அளவுமீறிப் பெருத்துப்போய், அதைத் திறக்க வேண்டிய மென்பொருள் வாயடைத்து நிற்பது. களம்: அலுவலகக் கணினி, அதிலும் குறிப்பாகக் கணக்குப் பிரிவில் இருப்பது. கேட்போர்: இன்பாக்ஸில் நாற்பதாயிரம் மெயிலை வைத்துக்கொண்டு, "என்கிட்ட அப்படி ஒண்ணும் நிறைய இல்லையே" என்பவர்கள். பயன்: ஏதும் இல்லை. பயன் இருந்திருந்தால் இதற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருக்க மாட்டேன்.

மெயில் நிறைய வருகிறது, அதனால் பெட்டி நிறைகிறது என்பது இத்துறையில் பரவலாக நிலவும் கருத்து. இதை மறுப்பதற்கே இக்கட்டுரை எழுந்தது. வருவது யாருக்கும் வரத்தான் செய்யும். பெட்டி உடைவதற்குக் காரணம் வரவு அன்று, அழியாமை. அந்த அழியாமை இருவகைப்படும். மனிதன் அழிக்க மனமில்லாமல் வைத்திருப்பது ஒன்று. மென்பொருள், அழித்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு அழிக்காமல் வைத்திருப்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி மேலாளர்கள் ஆண்டுதோறும் சுற்றறிக்கை விடுகிறார்கள். பின்னதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதுபோல் இரண்டும் ஒரே குணமாக இருப்பதைத்தான் இங்கே நிறுவப்போகிறேன்.

முதலில் மூலபாடம். அவுட்லுக் என்னும் மென்பொருளின் 97 முதல் 2002 வரையிலான பதிப்புகள், ஒருவருடைய கணினியில் சேமிக்கும் மெயில், நாட்காட்டி, முகவரிகள் எல்லாவற்றையும் பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் கொட்டி வைத்தன. கோப்புக்குள் எது எங்கே கிடக்கிறது என்பதைக் குறித்து வைக்க 32 பிட் எண்களைப் பயன்படுத்தினார்கள். கோப்பின் உச்ச அளவு இரண்டு ஜிபி. அது உருவான காலத்தில் வீட்டுக் கணினிகளின் வன்தட்டே இரண்டு, மூன்று ஜிபிதான் இருந்தது. ஒரு மனிதனுக்கு வரும் கடிதங்கள் மட்டும் அந்த அளவுக்குப் போகும் என்று நினைக்காதது குற்றமில்லை. நம் ஆட்களின் அட்டாச்மென்ட்டை அவர்கள் அப்போது பார்த்திருக்கவில்லை.

இந்த இரண்டு ஜிபி சும்மா வந்த எண் இல்லை. 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் மீதியில் எட்டக்கூடிய மிகப்பெரிய எண் 2,147,483,647. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கணக்கு அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்து கழித்தல் பக்கம் போய்விடும். ஒரு கோப்பில் மைனஸ் ஐந்தாவது இடம் எங்கே இருக்கிறது, அங்கே யாருடைய கடிதம் கிடக்கும் என்ற வினாவுக்கு உரையாசிரியர் எவரும் இன்றுவரை விடை எழுதவில்லை.

இந்த எண்ணின் புகழ் மெயிலோடு நிற்பதும் இல்லை. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு யூடியூபில் இதே எண்ணைக் கடந்தது. பார்வைகளை எண்ணும் கருவியை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய 32 பிட் கடிகாரங்களுக்கும் இதே இடத்தில்தான் முட்டுச்சுவர். 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அவை அந்த எண்ணைத் தொடும். அன்று செவ்வாய்க்கிழமை. எமகண்டம் தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருக்கும். பஞ்சாங்கக்காரர்களும் கணினிக்காரர்களும் கலந்து பேசாமலேயே இவ்வளவு நெருங்கி வந்திருப்பது பெரிய விஷயம்தான்.

கோப்புக்குத் திரும்புவோம். தொடக்கப் பதிப்புகளில் எல்லை நெருங்குகிறது என்று மென்பொருள் வாய் திறந்து சொல்வதில்லை. கோப்பு வளரும், வளரும், இரண்டு ஜிபியை முட்டும். மறுநாள் காலை வந்து திறந்தால் திறக்காது. அப்போது ஸ்கேன்பிஎஸ்டி என்னும் பழுதுநீக்கும் கருவியைத் தேடிப் போக வேண்டும். தேடி என்று சொல்வது உபசாரம் அன்று. அது ஸ்டார்ட் மெனுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இராது. ஆளில்லாத ஃபோல்டர் ஒன்றின் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். கண்டுபிடித்து ஓட்டினால், எட்டுக் கட்டங்களில் முதல் கட்டம் என்று தொடங்கும். யோகத்துக்கு எட்டு அங்கம், பழுதுநீக்கத்துக்கும் எட்டுக் கட்டம். இரண்டிலும் பாதியில் எழுந்து போகிறவர்களே மிகுதி. எட்டும் முடிந்தபின், கிடைத்ததையெல்லாம் 'தொலைந்து கிடைத்தவை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய ஃபோல்டரில் போட்டுத் தரும். அனுப்பியவர் பெயர் போய், பொருள் போய், சிலவேளை உடலும் போய், தேதி மட்டும் மிஞ்சிய கடிதங்களை அதில் காணலாம். பதிப்பாசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஃபோல்டரைத் திறந்ததும் சொந்த ஊருக்கு வந்த உணர்வு உண்டாகும்.

எல்லையைத் தாண்டி வெகுதூரம் போன கோப்பை ஸ்கேன்பிஎஸ்டியும் கைவிட்டுவிடும். அதற்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு கருவி கொடுத்தது. அதன் பெயர் பிஎஸ்டி2ஜிபி. அது செய்வது மிக எளிய அறுவை சிகிச்சை. கோப்பின் வாலை வெட்டும். எத்தனை எம்பி வெட்டுவது என்று நம்மையே கேட்கும். 20, 25 என்று ஏதோ ஓர் எண்ணைத் தட்டினால், நகல் எடுத்து அவ்வளவையும் நறுக்கிவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய் ஸ்கேன்பிஎஸ்டியிடம் காட்டச் சொல்லும். எந்தக் கடிதங்கள் வெட்டுப்பட்டன என்று கேட்கக் கூடாது. வாலில் கிடப்பதெல்லாம் புதிய கடிதம் என்றும் எண்ணக் கூடாது. நடுவில் முன்பு எதையாவது அழித்திருந்தால் அந்த வெற்றிடத்தில் புதியது போய் அமர்ந்திருக்கும். பழையது வாலில் கிடக்கும். சுவடியில் கடைசி ஏடு ஒடிந்தால் போனது கடைசிப் பாட்டு என்றாவது தெரியும். இங்கே அந்த ஆறுதலும் கிடையாது.

2003-இல் புதிய கோப்பு அமைப்பு வந்தது. எல்லை 20 ஜிபி ஆயிற்று. 2010-இல் 50 ஜிபி. சுவரைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். வீங்கும் குணத்துக்கு மருந்து பார்க்கவில்லை. 50 ஜிபி கோப்பு உடையாமல் இருக்கலாம். ஆனால் அதில் 2009-ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தேடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர், இரண்டாவது டீக்கும் காசு எடுத்துப் போவது நல்லது.

இனிப் பிற மதங்கள். யூனிக்ஸ் வழிவந்த எம்பாக்ஸ் முறையில், ஒரு ஃபோல்டருக்கு ஒரு நீளமான எழுத்துக்கோப்பு. கடிதத்தின் கீழ் கடிதமாக வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதை ஃப்ரம் என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரியைக்கொண்டு மென்பொருள் அறிகிறது. இதில் ஒரு சிக்கல். கடிதம் எழுதுபவரே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்? மென்பொருள் அந்த வரியின் தலையில் ஓர் அம்புக்குறியைச் சொருகிவிடும். ஆசிரியர் எழுதாததைப் படியெடுப்பவர் சேர்ப்பதற்கு நம் பதிப்புலகில் இடைச்செருகல் என்று பெயர். எந்திரம் செய்த முதல் இடைச்செருகல் இதுவாக இருக்கலாம் என்பது என் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்.

தண்டர்பேர்ட் இந்த எம்பாக்ஸ் மரபைச் சேர்ந்தது. அதில் ஒரு மெயிலை டெலீட் செய்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, இன்பாக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அழித்த கடிதம் அப்படியே இருக்கும், ஒரு கமாகூடக் குறையாமல். அதன் தலைப்பகுதியில் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்றொரு வரி. அதில் 0001 என்று இருந்தது 0009 ஆகியிருக்கும். ஒன்று என்றால் படித்தாயிற்று. அதோடு எட்டைக் கூட்டினால் நீக்கியாயிற்று. அழித்தல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பெருஞ்செயல், ஒன்றை ஒன்பதாக்கும் ஒரு திருத்தம்தான். அலமாரியை இம்மியும் அசைக்காமல் பதிவேட்டில் மட்டும் கழிக்கப்பட்டது என்று எழுதிவைக்கும் அரசு அலுவலகக் கலையை இம்மென்பொருள் யாரிடம் பயின்றது என்று தெரியவில்லை.

உண்மையில் அழிய வேண்டுமென்றால் காம்பாக்ட் செய்ய வேண்டும். அது ஒன்பதுகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் என்எஸ்டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்பில் படியெடுத்து, பிறகு பழையதைத் தூக்கி எறியும். படியெடுக்க வன்தட்டில் இடம் வேண்டும். இடம் இல்லை என்பதற்காகத்தான் காம்பாக்ட் செய்யவே வந்தோம். வெள்ளையடிக்கச் சாமான்களை எடுத்து வைக்க இன்னொரு வீடு வேண்டும், அது இருந்தால் இந்த வீட்டில் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு மொசில்லாவிலும் பதில் இல்லை.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற இளைய சகோதரம் இதைவிடக் கண்டிப்பு. எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு, நூறு முறை மூடினால் ஒருமுறை, சுருக்கிவிடட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தியபின் நடுவில் கரண்ட் போனால், சுருங்குவது மெயில் மட்டும் அன்று, பார்த்துக்கொண்டிருப்பவரும்தான். நம் ஊர் கோடைகாலத்தை அறிந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றே அழுத்தினார்கள். அதனால் பெட்டி பெருத்தது. பெருத்ததால் சுருக்க வேண்டிய நேரம் நீண்டது. நேரம் நீள நீளக் கரண்ட் போகும் வாய்ப்பும் கூடியது.

இவற்றுக்கு மாறாக டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பவர் க்யூமெயிலுக்காக வகுத்த மெயில்டிர் முறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. நீக்கினால் நீங்கும். கதை அவ்வளவுதான். ஆய்வாளனுக்கு அதில் வேலை இல்லை என்பதால் மேலே செல்கிறேன்.

இப்போது காரண ஆராய்ச்சி. பெட்டியை நிறைப்பது எது? நன்னூல் செய்த பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றங்கள் சொன்னார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அலுவலக மெயில் இருந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. குன்றக் கூறல்: இணைப்பைப் பார்க்கவும் என்பதைச் சுருக்கி 'பிஎஃப்ஏ' என்ற மூன்றெழுத்தோடு வரும் மெயில். அட்டாச்மென்ட்டும் குன்றியிருக்கும். ஐந்து நிமிடத்தில் 'சாரி, இப்போ அட்டாச் பண்ணியிருக்கேன்' என்று அடுத்தது வரும். மிகைபடக் கூறல்: ஒருவரிச் செய்தியின் கீழே, இது உங்களுக்கு உரியதல்ல என்றால் உடனே மறந்துவிடவும் என்று பன்னிரண்டு வரியில் மிரட்டும் சட்டக் குறிப்பு. மாறுகொளக் கூறல்: 'பட்ஜெட் ஃபைனல்', 'பட்ஜெட் ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கோப்புகள், மூன்றிலும் மூன்று தொகை. சென்று தேய்ந்து இறுதல்: முப்பது பேர் முழங்கிய விவாதம் கடைசியில் 'நோட்டட்' என்று முடிவது. நின்று பயனின்மைக்கு எடுத்துக்காட்டு தர வேண்டுமா? என்றோ ஒரு நாள் செருப்பு வாங்கிய கடையிலிருந்து வாரந்தோறும் வருவது.

எல்லாவற்றிலும் கொடியது கூறியது கூறல். ரிப்ளை அழுத்தியதும் மென்பொருள் பழைய கடிதம் முழுவதையும் கீழே ஒட்டிக்கொள்கிறது. அதற்கு வரும் பதில் அதையும் சேர்த்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்க அளவில் இருபது கடிதங்கள் மாறி மாறிப் போய்வந்தால், எழுதியது இருபது பக்கம். பெட்டியில் சேர்வது 1, 2, 3 என்று 20 வரை கூட்டிய தொகை, அதாவது 210 பக்கம். இதில் நூற்றுத் தொண்ணூறு பக்கம் எவரும் எழுதாதது, எவரும் படிக்காதது. சங்க இலக்கியத்தை இப்படி யாராவது ஒட்டி ஒட்டி வைத்திருந்தால் உ.வே.சா. ஊர் ஊராக அலைந்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு சாரார் கூறுவர். அலைந்து முடித்தபின் வீட்டுக்கு வந்து 190 பக்கத்தை அடித்திருக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இணைப்புகளுக்குத் தனிக் கணக்கு. மெயில் வழியில் படங்கள் பேஸ்64 என்னும் எழுத்துவேடம் பூண்டு போகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஆக, மூன்று எம்பி கிரகப்பிரவேசப் படம் எம்பாக்ஸ் பெட்டியில் நான்கு எம்பிக்கு மேல் படுத்துக்கொள்ளும்.

கூறியது கூறலின் உச்சத்தைக் கண்டது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே. 1997 அக்டோபரில், 'பெட்லாம் டிஎல்3' என்ற உள் அஞ்சல்பட்டியலில் தம் பெயர் இருப்பதைக் கண்ட ஊழியர் ஒருவர், என்னை நீக்கிவிடுங்கள் என்று பட்டியலுக்கே எழுதினார். பட்டியலில் சுமார் 13,000 பேர். என்னையும், என்னையும் என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். எல்லோருக்கும் பதில் போடாதீர்கள் என்று வேறு சிலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். ஒன்றரைக் கோடி மெயில், 195 ஜிபி போக்குவரத்து. அவுட்லுக்கை ஆக்கியோரின் வீட்டிலேயே இது நடந்தது என்பதால் வேறு சான்று தேடவில்லை.

ஜேமி ஜவின்ஸ்கி என்ற நெட்ஸ்கேப் நிரலாளர் ஒரு விதி சொன்னார். எந்த நிரலும் மெயில் படிக்கும் அளவுக்கு வளராமல் ஓயாது என்பது அதன் சாரம். அதற்கு ஒரு வழிநூற்பா சேர்க்க அனுமதி வேண்டுகிறேன்: மெயில் படிக்கும் நிரல் எதுவும் மெயில் படிக்க முடியாத அளவுக்கு வளராமல் ஓயாது.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் ஒரு ஜிபி இடம் தருவதாக அறிவித்தபோது பலர் முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். அன்று ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி. ஒரே நாளில் ஐந்நூறு மடங்கு. இனி எதையும் அழிக்க வேண்டாம் என்ற உபதேசம் அன்றிலிருந்து நாட்டில் பரவியது. மனிதகுலம் வேறு எந்த உபதேசத்தையும் இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்ததில்லை. பிறகு அது 15 ஜிபி ஆகி, அதிலும் படங்களும் ஆவணங்களும் பங்குக்கு வந்தன. இன்று அங்கும் பெட்டி நிறைகிறது, வேறு விதமாக. நிறைந்த பெட்டிக்காரருக்கு எந்த ஓசையும் கேட்பதில்லை. அடி விழுவது அனுப்பியவருக்கு. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 இதற்கு 552 என்று எண் கொடுத்து வைத்திருக்கிறது. சேமிப்பு ஒதுக்கீடு மீறப்பட்டது என்று பொருள். அனுப்பியவர் 552-ஐ வைத்துக்கொண்டு திகைத்திருக்க, நிறைத்தவரோ ஒரு வாரமாக யாரும் தொந்தரவு செய்யவில்லை, நிம்மதியாக இருக்கிறது என்று மகிழ்ந்திருப்பார்.

கடைசியாகக் களஆய்வு. சென்னை பாரிமுனையில் ஒரு வணிக அலுவலகம். கணக்குப் பிரிவின் மூத்தவர். அவருடைய கோப்பு எல்லையைக் கடந்து கிடந்தது. ஹார்டுவேர் பார்க்கும் பையன் வந்து, பழைய பேக்கப் ஒன்றைத் திறந்து காட்டி, இதுபோல் இருக்கிறதையெல்லாம் இனிமேலாவது அழிக்கலாமே என்று மெதுவாகத் தொடங்கினான்.

"சார், இது 2001-ல வந்த தீபாவளி வாழ்த்து. டெலீட் பண்ணிடலாமா?"

"இருக்கட்டும் தம்பி. ஆடிட்டர் கேட்டா?"

"வாழ்த்தையா சார்?"

"அனுப்புன பார்ட்டி யாரு பாத்தியா? நாலு லட்சம் பாக்கி. நாளைக்கு எங்களுக்கு உங்களத் தெரியவே தெரியாதும்பான்."

பையன் பேசாமல் வெட்டும் கருவியை ஓட்டினான். 25 எம்பி. எட்டுக் கட்டமும் முடிந்து கோப்பு திறந்தது. மூத்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எது போச்சு?"

"கடைசியில இருந்தது சார்."

"கடைசி வாரமா?"

"இல்ல சார். ஃபைல்ல கடைசி. அதுல என்ன இருந்ததுன்னு சொல்ல முடியாது."

அவர் சற்று யோசித்தார். பிறகு முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் சிசியில் போட்டு ஒரு மெயில் எழுதினார். தாங்கள் அனுப்பியதில் 25 எம்பி அளவுக்குத் தொலைந்துவிட்டது, எது என்று தெரியாததால் இதுவரை அனுப்பிய அனைத்தையும் இணைப்புகளுடன் மீண்டும் அனுப்பி உதவவும். மாலைக்குள் பெரும்பாலோர் உதவிவிட்டார்கள். என்னிடமும் கேட்டீர்களா என்று சிலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். இருவர், 'நன்றி, நோட்டட்' என்று எல்லோருக்கும் எழுதினார்கள்.

மறுநாள் பையன் மறுபடி வந்தான். இந்த முறை வெட்டவில்லை. பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு கோப்பை உண்டாக்கிப் பழையதையெல்லாம் அதற்கு மாற்றத் தொடங்கினான்.

"பேர் என்ன வைக்கட்டும் சார்?"

"பழசுன்னு வை." அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "வேணாம், பழசுன்னு இருந்தா எவனாவது டெலீட் பண்ணிருவான். முக்கியம்னு வை."